முதலில் ஆனைக்கோட்டை

தொல்பொருளியல் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
தொல்பொருளியல் திணைக்களம்,
சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தை, கொழும்பு 7.

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

இந்த மடல் கிழக்கு லண்டன், மனோர் பார்க்கிலிருந்து வருகிறது. சேர்ச் ரோட்டு முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் நின்று ‘எந்த ஊர்?’ என்று விசாரித்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியின் ஊர்ப்பெயர்களில் பாதியை ஒரே வரிசையில் கேட்டுவிடலாம். அந்தச் சனத்துக்காக நடக்கிற சின்ன இதழ் எங்களுடையது. உங்கள் திணைக்களத்தைப் பற்றி இதற்கு முன் எழுதியபோதெல்லாம் கண்டித்துத்தான் எழுதியிருக்கிறோம். கோயிலா விகாரையா என்ற இழுபறியில் குருந்தூர்மலைக்காக எழுதினோம், கன்னியா வெந்நீரூற்றுக்காக எழுதினோம், வெடுக்குநாறிமலைக்காக எழுதினோம். எழுதியதில் ஒரு வரியையும் திருப்பி வாங்க வரவில்லை. இன்றைக்குக் கேட்க வந்தது வேறொன்று. வலிகாமத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் காத்துத் தாருங்கள் என்று நாங்களே உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம்.

ஆனைக்கோட்டை, கரையாம்பிட்டி.

உங்கள் கோப்புகளில் அந்தப் பெயர் இருக்கும். ஆனாலும் எங்கள் பிள்ளைகளும் இந்த மடலை வாசிப்பார்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறோம். 1980 டிசம்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் காலில் நிற்கத் தொடங்கி இரண்டு வருஷம்தான். யாழ் நகரிலிருந்து மானிப்பாய்ப் பக்கம் போகிற வழியில், கடல்நீரேரிக்குக் கிட்ட, தாழ்நிலம் நிரப்புவதற்காக லொறிகளில் மண் போய்க்கொண்டிருந்தது. அந்த மண்ணோடு பானை ஓடுகளும் எலும்புகளும் போயின. பேராசிரியர் கா. இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் பல்கலைக்கழகத்தாரும் அங்கே அகழ்வில் இறங்கினார்கள். கிடைத்தது பெருங்கற்காலத்து ஈமக்காடு. இறந்தவர்களைப் புதைத்து, பக்கத்தில் கறுப்பு–சிவப்புச் சட்டிபானைகளைப் படைத்திருந்தார்கள். ஒரு புதைகுழியிலிருந்து சின்ன முத்திரை ஒன்று வந்தது. அதில் இரண்டு வரி. மேல்வரியில் மூன்று குறியீடுகள், பானைகளில் கீறுவார்களே, அந்த மாதிரி. கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகள். ‘கோவேத’ என்று ஒருவர் வாசித்தார், வேறு விதமாக வேறு ஒருவர் வாசித்தார். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பொதுவான கணிப்பு.

அடுத்த வைகாசி முடிவில், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரகுபதியின் ஆய்வு 1987இல் புத்தகமாக வந்தபோது அதை வாசிக்க வேண்டிய ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 1995இல் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. பல்கலைக்கழகத்தார் அந்த மேட்டில் மறுபடி மண்வெட்டி வைத்தது 2024இல். இடையில் நாற்பத்து நான்கு வருஷம். ஒரு தலைமுறை ஆனைக்கோட்டை என்ற பெயரை நல்லெண்ணெய்க்காக மட்டும் தெரிந்துகொண்டு வளர்ந்துவிட்டது.

இந்த மேட்டை ஏன் முன்னால் வைக்கிறோம்? அங்கே தாதுகோபம் இல்லை. கோயிலும் இல்லை. விகாரைக்கு இடம் பிடிக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் ஒருவரும் கூவ முடியாது. சிவலிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று உங்கள் பக்கம் ஒருவரும் முறைப்பாடு எழுத முடியாது. புத்தரின் போதனை இலங்கைத் தீவில் வேரூன்றிய காலத்தை ஒட்டி, அதற்குச் சற்று முன்னாகவோ பின்னாகவோ, ஒரு ஊர்ச்சனம் தன் ஆட்களைப் புதைத்த இடம். அவ்வளவுதான். எங்கள் மேடைகளில் அந்த முத்திரையைத் தூக்கிப் பிடித்து ‘அரசன்’ என்று முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே கிடந்தவர் தமிழரா நாகரா என்று சண்டை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று எழுத்துக்கு மேல் அத்தனை பெரிய கொடிக்கம்பத்தை நட்டால் சாய்ந்துவிடும் என்பது எங்கள் எண்ணம். உங்கள் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிய சிரான் தெரணியகல அநுராதபுரத்தைத் தோண்டி எழுதியதையும், சுதர்சன் செனவிரத்ன பெருங்கற்காலப் பண்பாட்டைப் பற்றி எழுதியதையும் வாசித்தவர்களுக்கு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான ஒரு பெரிய கதையின் வடக்கு முனைதான் கரையாம்பிட்டி என்பது விளங்கும். பொம்பரிப்பில் புதைந்திருக்கிற தாழிகளையும் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

உங்களால் முடியாத வேலையை நாங்கள் கேட்கவில்லை. தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவவில் செய்து காட்டியிருக்கிறீர்கள். கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய ஈமக்குழிகள், கி.மு. 700 முதல் 450 வரையான காலம், 1980களில் நடந்த அகழ்வு. குழிகளுக்குள் கிடைத்த மணிகளில் உள்ளூரில் இல்லாத கல்லும் இருந்தது. 2017 முதல் அந்த இடம் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. சிகிரியாவுக்குப் போகிற வெள்ளைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கிப் பார்க்கிறார்கள். தம்புள்ளையில் பிறந்த பிள்ளை தன் ஊரின் ஈமக்காட்டை நடந்து பார்க்கலாம் என்றால் ஆனைக்கோட்டையில் பிறந்த பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். இந்த மடலில் எங்கள் வழக்கு இவ்வளவே. மீதியெல்லாம் அதை எப்படிச் செய்யலாம் என்பது பற்றி.

ஈமமேட்டைப் பற்றிப் பேச மனோர் பார்க்காருக்கு என்ன உரித்து என்று கேட்டால், நாங்கள் மயானங்களுக்கு நடுவில் குடியிருக்கிறவர்கள். 1856இல் திறந்த சிட்டி ஒஃப் லண்டன் மயானம் ஒரு பக்கம், 1874இல் தொடங்கிய மனோர் பார்க் மயானம் இன்னொரு பக்கம். எங்கள் தாய் தகப்பன்மாரில் பலரை எரித்ததும் இங்கேதான். ரோடிங் ஆற்றைத் தாண்டினால் இல்ஃபோர்ட். அங்கே அப்ஹோல் என்ற இடத்தில் இரும்புக்காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது. வட்ட வடிவ வீடுகளின் அடையாளங்களை 1980களில் தோண்டிக் கண்டார்கள். கரையாம்பிட்டியில் முத்திரையோடு அந்த மனிதனைப் புதைத்ததற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்பின்னாக ரோடிங் கரையில் அந்த வீடுகளில் அடுப்பெரிந்திருக்கிறது. கோட்டையின் மூலையில் லாவெண்டர் மவுண்ட் என்று ஒரு மண்மேடு. அது பிற்காலத்தது என்று சொல்வோரும் உண்டு. எதுவாக இருந்தாலும் 1960இல் அதை வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள். இரசாயனத் தொழிற்சாலை ஒன்றும் வீடுகளும் அந்தக் கோட்டையை விழுங்கின. இன்று அந்தத் தெருக்களில் தமிழ் வீடுகள் ஏராளம். தாங்கள் கோட்டைக்குள் குடியிருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

தேம்ஸுக்குத் தெற்கே கதை கொஞ்சம் வேறு. மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறி, வைட்சப்பலில் மாறி, வூல்விச்சில் இறங்கி, பஸ் பிடித்து ஷூட்டர்ஸ் ஹில் பக்கம் போனால் பிளம் லேன் முடக்கில் ஒரு மேடு இருக்கிறது. ஷ்ரூஸ்பரி மேடு என்பார்கள். வெண்கலக் காலத்து ஈமமேடு, மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. ஒரு காலத்தில் அங்கே ஆறு மேடுகள் இருந்தன. 1930களில் வீடு கட்டியபோது ஐந்து போயிற்று. மிஞ்சிய ஒன்றைச் சுற்றி அந்தக் காலத்து வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை: புல் மூடிய ஒரு வீக்கம், ஏறி இறங்க முழுதாக ஒரு நிமிஷமும் ஆகாது. கற்கோபுரம் பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது ஏமாற்றம்தான். அந்த ஒன்றுமில்லாத மேட்டில் சட்டப்படி அனுமதி வாங்காமல் ஒரு கூடை மண் எடுத்தால் குற்றம். இந்த நாட்டு மரபுரிமைப் பட்டியலில் அதற்கு இலக்கம் இருக்கிறது, எல்லை கீறிய வரைபடம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தபடி தொலைபேசியில் பார்க்கலாம்.

ஹம்ஸ்டெட்டில் பார்லிமென்ட் ஹில் மேடு இதைவிட வேடிக்கை. பூடிக்கா ராணியின் சமாதி என்று சனம் நம்பியது. 1894இல் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஹெர்கியூலிஸ் ரீட் தோண்டிப் பார்த்தார். ராணியும் இல்லை, எலும்பும் இல்லை. ஈமமேடுதானா என்றே இன்றுவரை சந்தேகம். ஆனாலும் வேலி போட்டு, மரம் வைத்து, பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறார்கள். சந்தேகமுள்ள மேட்டுக்கே இந்த மரியாதை. எலும்பும் பானையும் எழுத்தும் கையில் கிடைத்த கரையாம்பிட்டிக்கு எவ்வளவு வேண்டும்?

இதெல்லாம் வெள்ளைக்காரன் கெட்டிக்காரன் என்று சொல்வதற்காக இல்லை. ஷூட்டர்ஸ் ஹில்லில் ஆறில் ஐந்தைத் தொலைத்தவர்களும் அவர்களே. அவர்களுடைய முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜோன் லபொக். வங்கி விடுமுறை என்ற நல்ல காரியத்தையும் 1871இல் அவர்தான் செய்தார். அதே வருஷம் ஏவ்பரியில் கல்வட்டத்துக்குள் வீடு கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தன் காசில் அந்தக் காணியையும் வாங்கினார். 1882 சட்டத்தின் பட்டியலில் 68 சின்னங்கள், கிட்டத்தட்ட அத்தனையும் வரலாற்றுக்கு முந்தியவை: ஈமமேடுகள், கல்வட்டங்கள். மாதா கோயிலோ அரண்மனையோ அந்தப் பட்டியலில் இல்லை. யாரும் இன்று கும்பிடாத, யாரும் உரித்துக் கேட்காத இடங்களிலிருந்து தொடங்கினார்கள். அந்தச் சட்டம் காணிக்காரரை வற்புறுத்தவும் இல்லை. முதல் பரிசோதகர் பிட்–ரிவர்ஸ் வீடு வீடாகப் போய்க் காணிக்காரரோடு பேசித்தான் காரியம் பார்த்தார். கட்டாயம் பின்னால், மெல்ல மெல்லத்தான் வந்தது.

உங்களிடம் இருக்கிற 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அதைவிடப் பல்லுள்ளது. 1815 மார்ச் 2க்கு முந்திய எதுவும் அதன் குடைக்குள் வரும். பல் போதாது என்பது எங்கள் முறைப்பாடே அல்ல. வடக்கில் அந்தப் பல்லை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். திணைக்களத்தின் எல்லைக்கல் ஒன்று நட்டால் ‘காணி போச்சு’ என்றுதான் ஊரில் முதல் பேச்சு. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அப்படி ஒரு பட்டியலைக் கண்டவர்கள் உங்கள் உத்தியோகத்தரின் அளவுநாடாவை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். அந்தப் பயத்தில் நடப்பது என்ன? கிணறு வெட்டும்போது தாழி வந்தால் சத்தம் போடாமல் உடைத்து, மண்ணைப் போட்டு மூடிவிடுவது. மேலிடத்துக்கு அறிவித்தால் வீடு கட்ட முடியாது என்ற பயம் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்கிறது.

இந்தியாவிலும் இதே கதை. அங்கே 2010இல் திருத்திய சட்டப்படி மத்திய அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீற்றருக்குள் எதுவும் கட்ட முடியாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீற்றருக்கு அனுமதியோடுதான். சென்னைப் புறநகரில் கல்வட்டங்களுக்குப் பக்கத்தில் காணி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் மனப்பாடம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒட்டுத்திண்ணை கட்டுகிறவனையும் ஒன்பது மாடி கட்டுகிறவனையும் ஒரே அளவுநாடாவால் அளந்தால், பழங்கல்லைப் பகையாளியாகப் பார்க்கத்தான் சனம் பழகும்.

ஆகவே ஆனைக்கோட்டையில் எல்லையை முதலில் தாளில் கீறிக் காட்டுங்கள், கல்லை அதற்குப் பிறகு நடலாம். எது அரச காணி, எது உறுதி உள்ள தனியார் காணி, எங்கே மதில் கட்டலாம், எங்கே அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகலாம், கிணற்றுக்கு யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பிரதேச சபையிலும் கிராம அலுவலரின் பலகையிலும் ஒட்டுங்கள். வர்த்தமானியில் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வர்த்தமானி வாசிக்கிறவர் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. ஷூட்டர்ஸ் ஹில்லில் மேட்டுக்கு எதிர்வீட்டுக்காரன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான், விற்கிறான், வாங்குகிறான். மேட்டைத் தொடாமல் இருந்தால் போதும் என்பது அவனுக்குத் தெரியும். எங்கள் சனத்துக்கும் அந்தத் தெளிவு ஒன்றைத்தான் கேட்கிறோம்.

எடுத்த பொருள் எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது. 1980இல் வந்த முத்திரை இன்று எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வெளியிடுங்கள். போரில் போயிருந்தால் போயிற்று என்றே எழுதுங்கள். அதையும் எங்களால் தாங்க முடியும். புதிதாக எடுப்பவை நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் நூதனசாலைக்குப் போகட்டும். கொழும்புக்கு ஆய்வுக்கு அனுப்பினால் அனுப்பிய திகதியோடு திரும்பி வரும் திகதியும் எழுதப்பட வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் தோண்டியது பெர்லினுக்குப் போயிற்று, பிறகு அலெக்சாண்டர் ரே தோண்டியது சென்னைக்குப் போயிற்று; அந்த ஊரிலேயே நூதனசாலை கட்ட அடிக்கல் வைத்தது 2023இல். ஊர்ப்பொருள் ஊருக்குத் திரும்ப ஒன்றரை நூற்றாண்டு. எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

எலும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இன்று எலும்புக்கூடு என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் இரும்புக்காலம் நினைவுக்கு வராது. 2025இல் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியில் மண்ணுக்குள்ளிருந்து வந்தவைதான் நினைவுக்கு வரும். பிள்ளையைத் தேடுகிற தாய்மார் அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள். ஆகவே கரையாம்பிட்டியில் அகழ்வு நடக்கிற ஒவ்வொரு நாளும் அங்கே தமிழில் பதில் சொல்ல ஒரு ஆள் நிற்க வேண்டும். இது எந்தக் காலத்து எலும்பு, எப்படித் தெரியும், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு கிழவி வந்து கேட்டால் கதிரை போட்டு இருத்திச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்ப நாங்கள் விரும்பவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கண்தான் பார்க்கிறது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

உங்களுக்கு எழுதுகிற மடலில் எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. இன்று வலிகாமத்தில் மேட்டைத் தின்பது பெரும்பாலும் டிப்பர். அந்த டிப்பர் கொட்டுகிற மண்ணுக்கும் அதன்மேல் எழும்புகிற இரண்டு மாடி வீட்டுக்கும் காசு எங்கேயிருந்து போகிறது? ரோம்ஃபோர்ட் ரோட்டில் இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த காசு. பாரிஸ் லா சப்பேலில் கடை வைத்துச் சேர்த்த காசு, ரொறன்ரோ ஸ்காபரோவில் சேர்த்த காசு. காணி வாங்கும்போது உறுதி பார்க்கிறோம், தண்ணீர் உப்பா நல்லதா என்று பார்க்கிறோம், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்றும் விசாரிக்கிறோம். நிரப்புகிற மண் எந்த மேட்டிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஊர்க் கோயிலைத் திருப்பணி என்று இடித்துக் கொங்கிறீட்டில் கட்ட லட்சக்கணக்கில் கொடுத்த கைகள், ஊர் ஈமக்காட்டுக்கு ஒரு வேலிக்கம்பி வாங்கக் கொடுத்ததில்லை. திணைக்களத்தை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் இந்த விஷயத்தை இன்னும் நாற்பது வருஷம் வசதியாகக் கடத்தலாம்.

காசைப் பற்றிப் பேச்சு வந்ததால்: உங்கள் வரவுசெலவில் வடக்குக்கு இடம் இல்லை என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். திணைக்களம் எல்லையையும் நிபந்தனையையும் எழுத்தில் தரட்டும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையும் பிரதேச சபையும் பங்காளராக நிற்கட்டும், காவலாளி ஆனைக்கோட்டை ஆளாக இருக்கட்டும். அப்படி ஒரு ஒழுங்கு வந்தால் அவருடைய சம்பளத்துக்கும் வேலிக்கும் இங்கே பற்றுச்சீட்டோடு காசு சேர்த்துத் தரலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் இங்கே ஒருவரும் இனிச் சதமும் தரமாட்டார்கள். அது நாங்கள் பட்டுத் தெளிந்தது.

இந்த மடலின் பிரதி உங்கள் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கும் போகிறது. உங்கள் பதில் எந்த மொழியில் வந்தாலும் முழுதாக அச்சிடுவோம். சிங்களத்தில் வந்தால் மொழிபெயர்க்க எங்கள் தெருவிலேயே நல்ல சிங்கள நண்பர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: மேட்டில் வைக்கப்போகிற பலகையின் தமிழ் வாசகத்தை எழுத்து வேலைக்குக் கொடுப்பதற்கு முன் எங்களுக்கு ஒருமுறை அனுப்பிவையுங்கள். நாட்டின் அரச பலகைகளில் தமிழ் படுகிற பாடு உங்களுக்கும் தெரிந்ததே. ஒரு நாளில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு,
மனோர் பார்க், லண்டன்